புளி போட்ட செம்புத் தகடு

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சார் இருந்தார். லேபுக்குத் தலைவர். மாட்டுங்காவில் பிறந்து, மாட்டுங்காவிலேயே படித்து, மாட்டுங்காவிலேயே வாத்தியாரானவர். நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆராய்ச்சி செய்கிற பெண் இருந்தாள். செம்பூரிலிருந்து வருகிறவள். வீட்டில் பேசுவது தமிழ். எழுதினால் படிக்க வராது. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

காஸ் மெஷினைப் பார்த்துக்கொள்கிற மராத்திக்காரர் இருந்தார். அவரை எல்லாரும் பாவு என்போம். அண்ணன் என்று அர்த்தம். தமிழ் அரைகுறையாகப் புரியும். கதவோரம் நின்றார்.

காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் இருந்தான். தாராவியில் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. என்னை மைனி என்பான், அண்ணி முறை வைத்து. கையில் மை டப்பா வைத்திருந்தான்.

நான் இருந்தேன். பாத்திரம் கழுவுகிறவள். எனக்கு நாற்காலி போடவில்லை. நானும் கேட்கவில்லை.

மேஜைமேல் மூன்று செம்புத் தகடு. தீப்பெட்டி அகலம். பக்கத்தில் ஒரு தாள். இங்கிலீஷில் அடித்திருந்தது. அந்தப் பெண் எனக்கு வாசித்துக் காட்டினாள். யாரையும் கேட்காமல் சமையல் சாமானைத் தகட்டில் தடவி, பரிசோதனையை நான் கெடுத்துவிட்டேனாம். ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டுமாம். போட்டால் என்னை அம்பர்நாத் சைட்டுக்கு மாற்றுவார்கள். போடாவிட்டால் கேட் பாஸை வாங்கிக்கொள்வார்கள்.

சூப்பர்வைசர் மை டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினான்.

"எனக்கு எழுதத் தெரியும். மூடி வை" என்றேன்.

தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தேன். அதற்குமேல் படிக்க வைக்கவில்லை. மாட்டுங்காவில் வீடுகளில் பதினோரு வருடம் பாத்திரம் தேய்த்தேன். பித்தளை, செம்பு, வெள்ளி எல்லாம். பிறகுதான் இந்தக் கல்லூரி. இங்கேயும் பாத்திரம்தான். கண்ணாடிப் பாத்திரம். முதல் மாதம் ஒரு குடுவையை உடைத்தேன். அதற்குப் பிறகு எதையும் உடைக்கவில்லை.

செம்புத் தகடு என் கைக்கு வந்தது அந்தப் பெண்ணால். அவளுக்குத் தேய்க்கப் பொறுமை கிடையாது. ஒருநாள் அவள் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வட்டமாகத் தேய்த்தாள். கோடு கோடாக விழுந்தது.

"எட்டு போடுற மாதிரி தேயி. கோடு விழாது" என்றேன்.

"நீங்களே தேய்ச்சுக் குடுங்க அக்கா, ப்ளீஸ். என் கை போச்சு."

அன்றிலிருந்து நான்தான். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு மெல்லிய தாள், அதற்கும் மெல்லியது. கடைசியில் வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் வைத்துத் தேய்க்கவேண்டும். முகம் தெரியும் வரை. சுத்தத் தண்ணீரில் அலசி டப்பாவில் வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது.

அவள் அந்தத் தகட்டைக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிடுவாள். குடுவையில் ஏதோ உப்புத் தண்ணீர். சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு குமிழ் குமிழாகப் போகும். கரண்ட் கொடுப்பாள். மேலே வருகிற காஸைப் பாவுவின் மெஷின் இழுத்துக்கொண்டு திரையில் மலை மலையாகக் கோடு போடும். முதல் மலை மீத்தேன். அதற்குப் பின்னால் வருவது எத்திலீன். எங்கள் தகட்டில் எப்போதும் முதல் மலைதான் உயரம். இரண்டாவது ஒரு மேடு, அவ்வளவுதான்.

அந்த வருடம் ஆடி மழையில் நடந்தது இது.

ஒரு சனிக்கிழமை வெள்ளைப் பொடி தீர்ந்துவிட்டது. ஸ்டோரில் கேட்டால் புதன்கிழமை வரும் என்றார்கள். மூன்று தகடு திங்கட்கிழமைக்கு வேண்டும். மூன்றிலும் யாரோ விரலை வைத்திருந்தார்கள். கருத்த ரேகை. தாளில் தேய்த்தும் போகவில்லை. எனக்குச் செம்பில் கறை இருந்தால் வேறு எதுவும் தோன்றாது. கேண்டீனுக்குப் போய் ஓர் உருண்டை புளியும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் வாங்கி வந்தேன். நன்றாகப் பிசைந்து மூன்று தகட்டிலும் அப்பினேன். டீ குடித்துவிட்டு வந்து கழுவலாம் என்று நினைத்தேன்.

டீ குடிக்கும்போதே வாட்ச்மேன் கத்த ஆரம்பித்தான். தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் நிற்கப் போகிறது, எல்லாரும் கிளம்புங்கள் என்று. கிளம்பினேன். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வீடு போய்ச் சேர்ந்தேன். புளி ஞாபகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சோறு பொங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமையும் வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் முதல் ஆளாகப் போனேன்.

புளி காய்ந்து ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஊறவைத்து எடுத்தேன். கீழே செம்பு செம்பாக இல்லை. செங்கல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. விரலை வைத்தால் பூனை நாக்கு மாதிரி இருந்தது. உப்பு தின்றுவிட்டது. எத்தனை முறை அலசினேன் என்று தெரியாது. முகம் தெரியவில்லை. டப்பாவில் வைத்து மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாதது என் தப்பு. அன்றைக்கும் அதைத் தப்பு என்றேன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன். அது தனி. மற்றது தனி.

அந்தப் பெண் முதல் தகட்டைப் போட்டாள். பாவு மெஷினைப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். திரையில் முதல் மலையைக் காணோம். ஒரு கொப்புளம்தான் இருந்தது. இரண்டாவது மலை எழும்பி நின்றது. மெஷின் கெட்டுவிட்டது என்று பாவு சொன்னார். மறுநாள் இரண்டாவது தகடு. அதேதான். மூன்றாம் நாளும் அதே. அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, தகட்டை என்ன பண்ணீங்க? சச் பதாவ். உண்மையச் சொல்லுங்க."

சொன்னேன். புளி, உப்பு, மூன்று நாள்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாவு என்ன என்று கேட்டார். அவள் மராத்தியில் சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, தும்ச்சா சாம்பார் காஸ் ஆலா" என்றார். உங்கள் சாம்பார் காஸ் வந்துவிட்டது என்கிறார்.

"பருப்பு போடல பாவு. ரசம்னு சொல்லும்" என்றேன்.

அன்றுதான் அவள் எனக்குப் படம் போட்டுக் காட்டினாள். அதற்கு முன் அவள் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. கை துடைக்கிற தாளில் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்.

"இதான் கார்பன் டை ஆக்ஸைடு, அக்கா. செம்பு மேல வந்து ஒக்காருது. கரண்ட் குடுத்தா அதுலேருந்து ஒரு ஆக்ஸிஜன் கழண்டுடும். மிச்சம் கார்பன் மோனாக்ஸைடு. இது வரைக்கும் ஒரே ரூட். தாதர் வரைக்கும் எல்லாரும் ஒரே டிரெயின்ல வர்ற மாதிரி."

"தாதருக்கு அப்புறம்?"

"அங்கதான் பிரியும். தங்கம், வெள்ளின்னா அதைப் புடிச்சு வச்சுக்காது, உட்டுடும். வேற சிலது புடிச்சா உடவே உடாது. செம்பு மட்டும்தான் புடிச்சும் புடிக்காம வச்சுக்கும். அதனால அது மேல உக்காந்து அடுத்த வேலை நடக்கும். தனியா ஒக்காந்திருந்தா ஹைட்ரஜன் ஒண்ணொண்ணா வந்து ஒட்டி மீத்தேன் ஆயிடும். பக்கத்துலயே இன்னொண்ணு இருந்தா ரெண்டும் சேந்துக்கும். அது எத்திலீனாவோ ஆல்கஹாலாவோ போகும்."

"எப்ப பக்கத்துல வரும்?"

"செம்பு வழவழன்னு இருந்தா தள்ளித் தள்ளி ஒக்காரும். மேடும் பள்ளமுமா, நெருக்கமா இருந்தா ஒண்ணுக்கொண்ணு இடிச்சுக்கும்."

"தாராவி மாதிரின்னு சொல்லு."

அவள் சிரித்தாள். "ஆனா அக்கா, நடுவுல எந்தெந்த ஸ்டேஷன்ல நிக்குதுன்னு யாருக்கும் முழுசாத் தெரியாது. பெரிய பெரிய ஆளுங்கள்லாம் இன்னும் சண்டை போட்டுட்டிருக்காங்க."

மீத்தேன் எனக்குத் தெரியும். பெயர் தெரியாது, ஆளைத் தெரியும். மழைக்கு முன்னால் எங்கள் நாலாவில், அதான் சாக்கடைக் கால்வாயில், குமிழ் விடுகிற காஸ். எத்திலீனும் தெரியும் என்று அவள்தான் சொன்னாள். மாஹிம் பக்கம் குடோனில் வாழைக்காயைப் பழுக்க வைக்க அறையில் விடுகிறார்களே, அதுவாம். சாக்கடைக் காஸ் வந்துகொண்டிருந்த தகட்டில் வாழைப்பழக் காஸ் வந்திருக்கிறது. எத்திலீனுக்குத்தான் மதிப்பு, பிளாஸ்டிக்கெல்லாம் அதில்தான் செய்கிறார்கள் என்றாள். கெடுத்துவிட்டேனா நான்?

சார் வெளியூரிலிருந்து வந்தார். திரையில் வந்த கோடுகளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், வாஷ்பேசினில் நின்றுகொண்டிருந்தேன். பிறகு தகட்டை எப்படித் தயார் செய்தாய் என்று அவளைக் கேட்டார். அவள் பொய் சொல்லவில்லை. சாரின் முகம் மாறியது. மறுநாள் காலை தாள் தயாராக இருந்தது.

இனி அந்த அறைக்கு வருகிறேன்.

"புளின்னா என்னன்னு தெரியுமோ உனக்கு?" என்று சார் கேட்டார். "அதுவே கார்பன்மா. செம்போட இடுக்குல போய் ஒட்டிண்டிருக்கு. கரண்ட் பட்டதும் அது உடைஞ்சு காஸா வரது. நீங்கள்லாம் எத்திலீன் எத்திலீன்னு குதிக்கறது புளியோட புகை. இதை நான் நாலு பேருக்கு அனுப்பியிருந்தா என் மானம் போயிருக்கும்."

"தடவுனேன் சார். சொல்லாம இருந்தேன். அது தப்பு. அதை எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன். கெடுத்தேன்னு எழுதுனா போட மாட்டேன்."

"மைனி" என்று சூப்பர்வைசர் குனிந்து சொன்னான். "எதுக்கு வம்பு? போட்டுட்டு வாங்க, சோலி முடிஞ்சிரும். அம்பர்நாத் பெரிய கம்பெனி. கேண்டீன்லாம் உண்டு."

"அப்ப நீ போ. கேண்டீன்ல தின்னு."

பாவு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"இதுல எகத்தாளம் வேறயா?" என்றார் சார்.

"எகத்தாளம் இல்ல சார். ஒண்ணு கேக்கேன். ஒவ்வொரு தகடும் நாள் முழுக்க ஓடுச்சு. காலைல வந்த மலைதான் சாயங்காலமும் வந்துச்சு. அவ்வளவு காஸ் வர எத்தனை புளி வேணும்? இந்தத் தகட்டுல ஊசி முனையளவு இருக்குமா? நான் அலசுன அலசலுக்கு அதுகூட இருக்காது."

சார் மேஜையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"எங்க சந்துல நாத்தம் அடிச்சா எந்தக் குழாய்னு தெரியாது" என்றேன். "ஒவ்வொண்ணா அடைச்சுப் பாப்போம். அடைச்சதும் நாத்தம் நின்னா அந்தக் குழாய். நிக்கலன்னா வேற குழாய். நீங்க சிலிண்டரை அடைச்சுட்டு ஓட்டிப் பாருங்க. புளிதான் காஸ் விடுதுன்னா அப்பவும் வரணும்."

அந்தப் பெண் நகத்தை விட்டாள்.

"நானும் அதான் சார் சொல்ல வந்தேன்" என்றாள் மெதுவாக. "ஆர்கான் விட்டு ஒரு ரன். நீங்க கேக்கலை."

சார் தகட்டைக் கீழே வைத்தார். கோபக்காரர்தான். ஆனால் கேட்ட கேள்வி சரி என்றால் அது யார் வாயிலிருந்து வந்தது என்று பார்க்கிற ஆள் இல்லை. இதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"ஓட்டு" என்றார்.

"தாள் சார்?" என்று சூப்பர்வைசர் கேட்டான்.

"இருக்கட்டும். என் டிராயர்ல இருக்கட்டும். இவ பாஸும் இப்போதைக்கு இருக்கட்டும்."

ஆர்கான் என்பது எதோடும் சேராத காஸாம். சிலிண்டரை மாற்றினார்கள். குடுவைத் தண்ணீரில் கரைத்த உப்பிலும் கொஞ்சம் கார்பன் இருக்கிறது என்று அந்தப் பெண் அதையும் வேறு உப்பாக மாற்றினாள். புளி போட்ட அதே தகடு. கரண்ட் கொடுத்தாள். நான் வேலையை விட்டுவிட்டுத் திரை முன்னால் நின்றேன். யாரும் போ என்று சொல்லவில்லை. கோடு நேராகப் போனது. மீத்தேன் இல்லை. எத்திலீன் இல்லை. ஆஸ்பத்திரியில் உயிர் போனபின் போகிற கோடு மாதிரி போனது.

பாவு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அதோடு சார் விடவில்லை. காஸ் புளியிலிருந்து வரவில்லை, சரி. ஆனால் புளி தடவியதால்தான் இந்தக் காஸ் வந்தது என்று எப்படித் தெரியும்? மூன்று தகடு தற்செயலாக இருக்கலாம் என்றார். என்னைக் கூப்பிட்டார். பன்னிரண்டு தகடு கொடுத்தார். எல்லாம் ஒரே பெரிய தகட்டிலிருந்து வெட்டியது.

"ஆறுல புளியும் உப்பும் போடு. போன தடவை மாதிரியே மூணு நாள். ஆறுல போடாதே. எது எதுன்னு நீ மட்டும் எழுதி வை. அவளுக்குத் தெரியப்படாது. பாவுக்கும் தெரியப்படாது."

"பாத்தாலே தெரிஞ்சிருமே சார். நெறம் வேற."

அவர் யோசித்தார். "அப்போ நீயே கிளிப்ல மாட்டி, மூடின குடுவையாக் கொண்டு வை. கண்ணாடிக்கு வெளில கறுப்புத் தாள் சுத்திடு."

அவள் முதல் மூன்று தகட்டை எப்படி மாட்டினாள் என்று பார்த்திருந்தேன். மாட்டினேன். எண் மட்டும் ஒட்டினேன். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. எது எது என்று ஒரு தாளில் தமிழில் எழுதினேன். சார் அதை உறையில் போட்டு ஒட்டப் போனார்.

"எதுக்கு சார் ஒட்டறீங்க? தமிழ்ல இருக்கு. திறந்து வச்சாலும் எனக்குப் படிக்க வராது" என்றாள் அந்தப் பெண்.

"வெக்கமாயில்லையோ சொல்லிக்க?" என்றார் சார். ஒட்டினார்.

பன்னிரண்டு ஓட்டங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் நான் யாரிடமும் அதைப்பற்றிப் பேசவில்லை. பாத்திரம் கழுவினேன். தாராவியில் சூப்பர்வைசரைச் சந்தில் பார்த்தால், அம்பர்நாத்துக்கு எந்த ரயில் வசதி என்று சொல்வான். நான் நடையைக் கட்டுவேன். ஏழாவது தகட்டில் மட்டும் பயம் வந்தது. இரண்டு மலையும் ஏறக்குறைய ஒரே உயரம். அந்தப் பெண் திரை முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது எது என்று தெரியும். அந்தத் தகட்டில் ஓர் ஓரம் புளி சரியாகப் பிடிக்கவில்லை, காயும்போது உதிர்ந்துவிட்டது. நான் கீழே குனிந்து பீக்கரைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவள் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை.

பின்னால், எல்லாம் முடிந்தபிறகு, புளிக்குக்கூடப் பெயர் கிடைக்கவில்லை. வேலை செய்தது உப்பு. அதில் உள்ள குளோரைடு செம்பைத் தின்று கரடாக்கிவிடுகிறது, அந்தக் கரட்டில்தான் இரண்டும் சேர்கின்றன என்று கண்டுபிடித்து அப்படித்தான் எழுதினார்கள். எழுதட்டும். புளி கறையை எடுத்தது. அது அதன் வேலை.

உறையைத் திறந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதே அறை. அதே ஐந்து பேர். சூப்பர்வைசர் மை டப்பாவைக் கொண்டுவரவில்லை, பேனா கொண்டுவந்திருந்தான். சார் டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். என் கையெழுத்துக்காகக் கீழே விட்டிருந்த கோடு அப்படியே காலியாக இருந்தது.

"பொருந்தலைன்னா போடறியா?" என்று கேட்டார்.

"பொருந்தலன்னாலும் கெடுத்தேன்னு போட மாட்டேன் சார். பாஸைக் குடுத்துட்டுப் போவேன்."

அவர் தாளைக் கவிழ்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பேனாவைத் திறந்தார்.

"சொல்லு" என்றார் அவளிடம்.

"ஒண்ணு. மீத்தேன். புளி இல்லை."

சார் என் தாளைப் பார்த்தார். "புளி இல்லை" என்று வாசித்தார். தாளின் பின்பக்கத்தில், பொருந்தியதற்கு ஒரு கோடு போட்டார்.

"ரெண்டு. எத்திலீன். புளி."

"புளி."

கோடு. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. கோடு, கோடு, கோடு, கோடு. பாவு கதவோரத்திலிருந்து மேஜைக்கு வந்துவிட்டார். ஏழு வந்தது. அவள் தன் நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன்.

"ஏழு" என்றாள். "சார், இது கொஞ்சம்... ரெண்டும் சமமா இருந்தது. ஆனா சாதாரணத் தகட்டுல எத்திலீன் இந்த உயரம் வந்ததே இல்லை. புளி. ஆனா சரியாப் படலை."

சார் என் தாளை வாசித்தார். இரண்டாம் முறை வாசித்தார். நான் அங்கே, 'புளி, ஓரம் உதிர்ந்தது' என்று எழுதியிருந்தேன். அவர் அதை உரக்கச் சொல்லவில்லை. தாளை அவள் பக்கம் திருப்பினார். அவளுக்குப் படிக்க வராது என்பது அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. வாசித்துக் காட்டினார். கோடு போட்டார்.

மற்றதை அவள் வேகமாகச் சொன்னாள். அவர் வேகமாக வாசித்தார். முடிந்ததும் பேனாவை மூடி, தாளை என் பக்கம் நகர்த்தினார். சூப்பர்வைசர் நாற்காலியைவிட்டு எழுந்தான்.

"எத்தனை கோடுன்னு நீயே எண்ணிக்கோ" என்றார் சார்.

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். விரலை வைத்து எண்ணினேன்.

பன்னிரண்டு.